ஒரு ஜோடி சிட்அவுட்

நகராட்சியிலிருந்து வந்த இஞ்சினியர் லுப்னா டேப்பை உருவியதும் அருணகிரிக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அளவைப் பற்றிய பயமில்லை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருபத்தெட்டு வருஷமாகப் பேட்டர்ன் அட்டை வெட்டுகிறவர், அளவில் அவரிடம் யார் குற்றம் கண்டுபிடிக்க முடியும்? வாசலில் உட்காரப் பத்தடிக்கு ஆறடி சிட்அவுட், இரண்டு தூண், மேலே ஷீட்டு என்று பென்சிலால் அவரே பிளான் போட்டிருந்தார். லைசென்ஸ் சர்வேயர் முத்திரை குத்தியதோடு சரி.

பயமெல்லாம் பிளானின் அடியில் அவர் காலியாக விட்டிருந்த ஒரு கட்டத்தைப் பற்றி. கூட்டுப் பட்டாதாரர் சம்மதம், கையொப்பம்.

அந்தக் கூட்டுப் பட்டாதாரர் பக்கத்து வாசலில்தான் இருந்தார். அண்ணன் தனகோடி.

அப்பா கட்டிய வீட்டை நடுவில் சுவர் வைத்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தண்ணீர் மோட்டாரின் சுவிட்சு யார் பக்கம் இருப்பது என்ற தகராறில் பேச்சு நின்று ஆறு வருஷமாகிறது. பேரணாம்பட்டிலிருந்து இருவருக்கும் ஒரே கம்பெனி பஸ். அண்ணன் முன்வாசலில் ஏறுவார், தம்பி பின்வாசலில் ஏறுவார். அந்த மோட்டார் போன வருஷமே எரிந்துபோய்விட்டது. சண்டை மட்டும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

அப்படிப்பட்ட மனுஷனிடம் போய்க் கையெழுத்துக்கு நிற்பதா? அதற்கு வேறு ஆளைப் பார்க்க வேண்டும்.

ஆனால் சிட்அவுட் இல்லாமலும் முடியாது. அருணகிரியின் மனைவி ஜோதி வீட்டிலேயே ஷூவின் மேல்பாகமான அப்பருக்குக் கைத்தையல் போடுகிறவள். பட்டப்பகலில் லைட் போட வேண்டிய பழைய வீடு. வாசற்படிக்கு வந்தால்தான் ஊசித் துளை கண்ணுக்குத் தெரியும். முன்னால் கிடக்கும் சொந்த இடத்துக்குத் தடுப்பில்லாததால் தெரு வண்டிகள் படியை உரசிக்கொண்டு போகின்றன. போன மாதம் ஒரு பைக் அவள் கால் விரலில் ஏறி இறங்கியது. அவள் அழவில்லை. அருணகிரிதான் அழுதார். மழைக்கு முன்னால் கட்டியே தீருவது என்று அன்றைக்கு எடுத்த முடிவு.

லீவு கிடைக்காததால் பிளானை ஜோதிதான் ஆபீசுக்குக் கொண்டுபோனாள். "கையெழுத்து எங்கன்னு கேட்டா மறந்துட்டாருன்னு சொல்லு. கேக்கலன்னா நீயும் வாயத் தொறக்காத," என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்.

லுப்னா நீளத்தை அளந்தார். அகலத்தை அளந்தார். பிளானைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், மறுபடி பிளானைப் பார்த்தார்.

"எல்லாம் கரெக்டா இருக்கு சார். இன்னொன்னு எங்க வருது?"

"இன்னா மேடம் இன்னொன்னு?"

"ஒரு ஜோடின்னு எழுதியிருக்கீங்களே."

அருணகிரி எட்டிப் பார்த்தார். பிளானின் மூலையில் 'ஜோடி 1' என்று இருந்தது.

பாழாய்ப்போன பழக்கம். பேட்டர்ன் ரூமில் ஒரு காலுக்குத்தான் அட்டை வெட்டுவார்கள். அதையே திருப்பிப் போட்டால் அடுத்த காலுக்கு ஆயிற்று. மூலையில் ஜோடி என்று எழுதாமல் ஓர் அட்டைகூட அவர் கையைவிட்டுப் போனதில்லை. வீட்டுப் பிளானிலும் இந்தக் கை தானாக எழுதித் தொலைத்திருக்கிறது.

லுப்னா சுவரின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் வாய்விட்டுக் கணக்குப் போட்டார். இதையே திருப்பிப் போட்டால் அந்த வாசலுக்கு. நடுத் தூண் இரண்டுக்கும் பொது. நாலு தூணுக்குப் பதில் மூன்று போதும், செலவும் கம்மி.

இல்லை மேடம் என்று அருணகிரி வாயெடுப்பதற்குள் பக்கத்துக் கதவு திறந்தது. தனகோடி ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு வந்து நின்றார். தம்பி என்று ஒருவன் அங்கே நிற்பதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

"என் சிட்அவுட்ட அளக்க வந்துட்டு அங்க இன்னா மேடம் பண்றீங்க? கையெழுத்து போட்டது நானு."

கையெழுத்தா? அருணகிரி பிளானை வாங்கிப் பார்த்தார். அந்தக் கட்டம் காலியாக இல்லை. சத்தியமாக அண்ணன் கையெழுத்துதான், அதே நீள வாலோடு. அதற்குள் தனகோடியும் எட்டிப் பார்த்துவிட்டார். மனைவி கோவிந்தம்மாள் விரல் வைத்த இடத்தில், தன் வாசலுக்கான பிளான் என்று நம்பி, கண்ணாடி போடாமல் கையெழுத்துப் போட்டவர், அது யார் கிழித்த கோடு என்று இப்போதுதான் கண்டுகொண்டார்.

இருவரும் பேந்தப் பேந்த விழித்தார்கள். லுப்னா அதைச் சம்மதமாகக் குறித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

நுரை காய்ந்து உதிர ஆரம்பித்த பிறகு தனகோடி தொண்டையைச் செருமினார். ஆறு வருஷத்தில் முதல் பேச்சு.

"நடுத் தூண்ல எந்த சுவிட்சும் வெக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

"வெக்கல," என்றார் அருணகிரி. அண்ணன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அதை மறைக்கப் பிளானை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

வெயில் பட்டது. அவர் கிழித்த பென்சில் கோடுகள் மங்கலாகவே இருந்தன. மூலையில் இருந்த 'ஜோடி 1' மட்டும் பளபளத்தது. அண்ணன் கையெழுத்தும் அப்படியே பளபளத்தது. சில்வர் பேனா. வீட்டில் தைக்கிற பெண்கள் அப்பரில் தையல் துளைக்குப் புள்ளி வைக்கிற பேனா.

அருணகிரி மெல்லத் திரும்பினார்.

இரண்டு வாசற்படியிலும் இரண்டு பெண்கள், ஊரில் நடப்பது எதுவும் தெரியாதவர்கள் மாதிரி தலை குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். ஜோதியின் மடியில் இருந்தவை எல்லாம் இடது கால் அப்பர்கள். கோவிந்தம்மாளின் மடியில் எல்லாம் வலது கால்.