கம்பனிக் காதல்

“கள்ளன் இதுக்குள்ளதான் இருக்கான் தங்கச்சி. இண்டைக்கு அவன வெளியால இழுத்துப் போட்டாத்தான் நான் வீட்ட போவன்.”

கேதீஸ்வரி கணவனின் போனைக் கண்ணாடி மேசை மேல் வைத்தாள். றுக்ஷானா ஏறாவூரில் நடத்தும் அந்தக் கொமினிகேசன் கடைக்குப் போன் ரீலோட் போட வருகிறவர்களைவிட, போட்ட ரீலோட் எங்கே போனது என்று சண்டை பிடிக்க வருகிறவர்கள்தான் அதிகம். அவள் சிரித்துக்கொண்டே போனை எடுத்தாள்.

“போட்ட சல்லி நிக்குதில்லையா அக்கா?”

“ராவைக்குப் போட்டா விடிய இல்ல. சல்லி போனாப் போகட்டும். இந்தக் கம்பனியால என்ட குடும்பமே பிரியப் பாத்ததே!”

சித்தாண்டியில் அந்தக் கதை தெரியாதவர்கள் இல்லை. உதயரூபனின் போனில் ‘சாப்பிட்டாச்சா என்ட ராசா?’ என்றொரு மெசேஜைக் கண்டு ஒழுங்கைச் சனமே கூடும்படி கத்திவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு வாகரையிலுள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டாள் கேதீஸ்வரி. அவன் இரண்டு கிழமை கழித்து வந்து, மாமன் மச்சான் எல்லோருக்கும் முன்னால் முருகன் மேல் சத்தியம் செய்தான். கம்பனிக்காரன் அனுப்புகிற காதல் மெசேஜ் சேவையாம். கிரிக்கெட் பார்க்கும்போது ஏதோ கைபட்டுச் சேர்ந்துவிட்டதாம்.

கேதீஸ்வரி பாதிதான் நம்பினாள். மீதியை, கேட்காமலே அவளுடைய போனுக்கும் ராசிபலன் வந்து காசை விழுங்கத் தொடங்கியபோது நம்பினாள். சும்மா இருந்த மனுசனைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டோமே என்று அன்று முழுக்க அழுதாள்.

அதற்குப் பிறகு உதயரூபன் போனைப் பூட்டுவதேயில்லை. இன்றைக்கு வயல் வட்டையில் நெல் வெட்டு மெசின் ஓட்டப் போனவன் அதைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தான். அவன் வருமுன் அந்த மெசேஜ் சனியனை வெட்டிவிட்டு, பொழுதுபட இறால் கறியோடு சோறு போட்டுச் சொல்லவேண்டும் என்பதுதான் அவள் எண்ணம். இறால் பை கையில் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

றுக்ஷானா நட்சத்திரமும் இலக்கமும் தட்டி, திரையைத் திருப்பிக் காட்டினாள். “இஞ்ச பாருங்க அக்கா. ராசிபலன், ஸ்கோர், ரிங் டோன். மூணும் ஒவ்வொரு நாளும் சல்லி வெட்டுது.”

“அவருக்கு ராசிபலன் எண்டாலே ஆகாதே!”

“ஆகாட்டியும் வரும். திரையில சும்மா ஒண்டு வந்து நிக்கும். அத மூடப் போய் ஓகேயில விரல் பட்டாச் சரி, நீங்க ஓம் எண்டு சொன்னதா எடுத்துருவான். இனி அப்பிடி வந்தா வாசிக்காம எதையும் அமத்தாதீங்க. மாசத்துக்கு ஒருக்கா இப்பிடித் தட்டியும் பாருங்க, என்னென்ன ஓடுதெண்டு காட்டும்.”

கேதீஸ்வரி நெற்றியில் தட்டிக்கொண்டாள். “அந்த மனுசனும் இதத்தானே சொன்னாரு. நான்தான் கேக்கல்ல.”

றுக்ஷானா மூன்றையும் ஒவ்வொன்றாக நிறுத்தினாள். “வேற?”

“அந்தக் காதல் சேவை. அதத்தான் முதல்ல வெட்டியிருக்கோணும்.”

“அது லிஸ்ட்டுல காணல்லியே அக்கா.”

“மெசேஜுக்குள்ள பாருங்க. எனக்கு விளங்கட்டும் எண்டு ‘கம்பனி’ எண்டே பேர் போட்டு வச்சிருக்காரு. அவரு ஒண்டுக்காவது பதில் போட்டிருக்காரா, பாருங்க?”

ஒரு பதிலும் இல்லை. வந்தவைதான் வரிசையாக இருந்தன. றுக்ஷானா விரலால் மேலே தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

“ஒவ்வொரு நாளும் வந்திருக்கு. இடையில மட்டும் ரெண்டு கிழமை ஒண்டும் வரல்லியே?”

“அது நான் கோவிச்சிட்டு வாகரையில நிண்ட நேரம். கம்பனிக்காரனுக்கே அவரப் பாத்துப் பாவமாப் போயிட்டாக்கும்!”

இருவரும் சிரித்தார்கள். கேதீஸ்வரி இப்படி வாய்விட்டுச் சிரித்துக் கனநாளாகியிருந்தது.

“சில சேவை லிஸ்ட்டுல வராது அக்கா. மெசேஜ் வந்த இடத்துக்கே ‘ஸ்டொப்’ எண்டு அனுப்பினா நிண்டுரும். இந்தாங்க, நீங்களே அனுப்புங்க. மனம் ஆறும்.”

கேதீஸ்வரி இறால் பையைக் கீழே வைத்தாள். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, றுக்ஷானா காட்டிய எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடித் தேடித் தட்டி அனுப்பினாள். தன்னைத் தாய்வீடு வரை துரத்திய பேயைத் தானே விரட்டிவிட்ட சந்தோசம் அவள் முகத்தில் தெரிந்தது.

“எவ்வளவு தங்கச்சி?”

“இதுக்கெல்லாம் சல்லி வேணா அக்கா. அண்ணனோட சந்தோசமா இருங்க.”

போன் ஒருதரம் அதிர்ந்தது.

“ஆ, நிப்பாட்டியாச்சு எண்டு கம்பனி அனுப்பியிருக்கும். வாசிச்சுப் பாருங்க.”

கேதீஸ்வரி சிரிப்பு மாறாமல், கடையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி உரக்கவே வாசித்தாள்.

“ஏன் ராசா, மனிசி பக்கத்தில நிக்கிறாளா?”