வலப்பக்கக் கோடு

கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. ஒரு மணி நேரம் முன்பே வலி மாத்திரை போடச் சொல்லியிருந்தார்கள். பதற்றத்தில் அதை நானே விழுங்கிவிட்டேன்.

“வலி எனக்கு, மாத்திரை உங்களுக்கா? நல்லா இருக்கே நியாயம்!” என் மனைவி உட்கார்ந்து சிரித்தாள். அட்டையிலிருந்து இன்னொன்றைப் பிரித்துக் கொடுத்தேன்.

மருந்தை உள்ளே செலுத்தியபோது அவள் கத்தியது வெளியே எனக்குக் கேட்டது. எக்ஸ்ரே படத்தில், இடக்குழாய் முழுக்க மருந்து வெள்ளைக் கோடாக ஓடியிருந்தது. வலப்பக்கம் தொடக்கத்திலேயே நின்றுவிட்டிருந்தது.

“ஒண்ணு தொறந்திருக்குல்ல? வர்ற புள்ளைக்கு ஒரு வழி போதாதா?” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அடுத்த வாரம் வேலைக்குப் போகிற வழியில் லாரி மோதி இறந்துபோனாள்.

அந்த எக்ஸ்ரே படத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்தேன். வேறு எந்தப் படத்திலும் அவள் அவ்வளவு அருகில் இல்லை. சில மாதங்களில் வலப்பக்கக் கோடு மெல்ல மேலேறத் தொடங்கியது. பிறகு இடப்பக்கத்துக்குச் சமமாக வந்து நின்றது. என் கண்ணையே நம்பாமல், எக்ஸ்ரே எடுத்த பெண்ணிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவளுக்கு எங்களை நினைவில்லை. படத்தை விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தாள்.

“ரெண்டு பக்கமும் நல்லா தொறந்திருக்கே சார்! அக்காகிட்ட சொல்லுங்க, இனிமே கவலையே வேணாம்.”

சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

படம் மறுபடி ஜன்னலில் இருக்கிறது. எனக்கு நாற்பது முடிந்துவிட்டது. படத்தின் ஓரத்தில் அச்சாகியிருக்கும் அவள் வயது இன்னமும் முப்பத்தொன்று.