உப்பு விற்கும் குரல்

மூன்றாவது ஸ்பீக்கரை வாங்கியதும் முத்துக்காளை நேராக வெல்டிங் பட்டறைக்குத்தான் போனான். முந்தைய இரண்டும், உப்பு மூட்டையோடு பைக்கை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போன நேரத்தில் களவு போயிருந்தன. மூட்டையைத் தொடாமல் வயரை அறுத்து ஸ்பீக்கரை மட்டும் கொண்டுபோயிருந்தார்கள். இம்முறை பைக்கின் பின்னால் கம்பிக்கூண்டு வைத்து, ஸ்பீக்கரை அதற்குள் பூட்டினான். செல்போனில் இருந்த மனைவி செவ்வந்தியின் குரலை மறுபடி அதில் ஏற்றினான். அவள் செத்து எட்டு மாதம் ஆகியும், "உப்பு வாங்கலியா, கல்லுப்பு!" என்று அவள் கூவினால்தான் தெருவில் கதவு திறந்தது.

மறுநாள் பகலில் ஒரு மாடிவீட்டுக்கு உப்பு கொடுத்துவிட்டு இறங்கியவன் திகைத்து நின்றுவிட்டான். யாரோ ஒருவர் கூண்டுக்குள் கையை விட்டு, எடுக்க முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தார். முழங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது. ஸ்பீக்கர் அதுபாட்டுக்குக் கூவிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினான். செவ்வந்தியின் அப்பா.

"மாமா... அந்த ரெண்டும் நீங்கதானா?"

"கெணத்துல கெடக்கு" என்றார் அவர். "செத்தும் எம்புள்ளயத் தெருத்தெருவாக் கத்த விடுறியே மாப்ள. அவளுக்குத் தொண்ட வலிக்காதா?"

முத்துக்காளை சாவியை எடுத்துப் பூட்டைத் திறக்கப் போனான். அதற்குள் எதிர்வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் உரக்கச் சொன்னாள்:

"இரு செவ்வந்தி, போயிராத. இந்தா வந்துட்டேன்!"