ஐந்து வளைவுப் பதக்கம்

அவருடைய பெயர் ஊரில் பலருக்கு மறந்தே போய்விட்டது. 'பதக்கம்' என்றால்தான் தெரியும். பாலம் திறந்தாலும் சரி, பள்ளிக்கூடத்துக்கு நூறு வயது ஆனாலும் சரி, அதற்கென வெளியிட்ட வெண்கல நினைவுப் பதக்கம் எப்படியாவது அவர் கைக்கு வந்து சேர்ந்துவிடும்.

"இத்தனையில ஒண்ணாவது நீங்க ஓடி ஜெயிச்சதாங்க?" என்பாள் மனைவி. அதையெல்லாம் அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அவருடைய உயிர் இருந்தது ஒரு வெல்வெட் பெட்டியில். நகராட்சி வெளியிட்ட பன்னிரண்டு பதக்கங்களுக்குப் பன்னிரண்டு குழிகள். பதினொன்று நிறைந்துவிட்டன. கலங்கரை விளக்கப் பதக்கம் மட்டும் இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாமூச்சி காட்டிக்கொண்டிருந்தது.

அன்று காலை அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். ஆற்றுப்பாலம் கட்டிய காண்ட்ராக்டர்!

"இதை நீங்களே வச்சுக்கங்க சார். பதிலுக்கு உங்க பாலம் பதக்கத்தைக் குடுங்க. நான் கட்டின பாலமில்லையா, ஒரு ஆசை."

'பதக்கம்' வெல்வெட் பெட்டியைப் பார்த்தார். பாலத்தைக் கொடுத்தால் அந்தக் குழி காலி. இந்தக் குழியை நிரப்ப அந்தக் குழியைத் தோண்டுவதா?

அதுவும் சாதாரணப் பதக்கமா அது! திறப்பு விழா விருந்தினர்களுக்காக நூறே நூறு அடித்தது. ஆற்றில் நிற்கிற பாலத்துக்கு நான்கு வளைவு, பதக்கத்தில் ஐந்து. செதுக்கியவர் தூக்கக் கலக்கத்தில் ஒன்றைக் கூட்டிப் போட்டுவிட்டார் என்று சேகரிப்போர் சங்கப் பத்திரிகையில் 'பதக்கம்' மூன்று பக்கம் எழுதியிருந்தார். பிழை உள்ள பதக்கம் என்றால் சேகரிப்பவர்கள் சொத்தை எழுதி வைப்பார்கள்.

"உங்க கட்டுரையைப் படிச்சேன் சார். செதுக்கினவர் தப்புன்னு புட்டுப் புட்டு வச்சிருக்கீங்க. பிரமாதம்!" என்றார் காண்ட்ராக்டர்.

"ஒரு வாரம் டைம் குடுங்க. யோசிக்கிறேன்."

யோசிக்கவெல்லாம் இல்லை. நேராக வார்ப்புப் பட்டறைக்குப் போனார். அச்சு எடுத்து ஒரு நகல் வார்த்து வாங்கினார். புது வெண்கலம் பல்லை இளித்தது. அதை மூன்று நாள் டிகாஷனில் ஊறப்போட்டு, தேய்த்து, பத்து வருடப் பழுப்பை ஏற்றினார்.

"டீ போடுற பாத்திரத்துல என்னங்க ஊறுது?" என்றாள் மனைவி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

ஒரே ஒரு பயம்தான். வார்ப்பு ஆறும்போது லேசாகச் சுருங்கிவிடும். அளந்து பார்த்தால் மயிரிழை வித்தியாசத்தில் மானம் போய்விடும்.

காண்ட்ராக்டர் அளக்கவில்லை. எடை போடவில்லை. பூதக்கண்ணாடிகூடக் கேட்கவில்லை. விளிம்பைப் பிடிக்கத் தெரியாமல் கட்டைவிரலை நடுவில் அப்பி, நகத்தால் வளைவுகளை மட்டும் எண்ணினார்.

"அஞ்சு. சரியா இருக்கு. வரேன் சார்!"

'சரியான ஏமாளி' என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே 'பதக்கம்' பன்னிரண்டாவது குழியை நிரப்பினார். அன்று அவருக்குச் சோறே வேண்டியிருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வாசலில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். போச்சு, அளந்துட்டான் பாவி!

"காண்ட்ராக்டருக்குப் பாலம் பதக்கம் குடுத்தீங்களா?"

"கு... குடுத்தேன் மேடம். அவராதான் கேட்டாரு..."

"வாங்கின கையோட பட்டறைக்குக் கொண்டுபோய் உருக்கிட்டாரு."

போன உயிர் திரும்பி வந்தது. போலியே உருகிவிட்டால் அப்புறம் ஏது சாட்சி! நிம்மதியில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஊர்ல இருக்கறதையெல்லாம் அழிச்சிட்டு, தன்கிட்ட இருக்கற ஒண்ணுக்கு மவுசு ஏத்தறாரு மேடம். எங்க ஆளுங்ககிட்ட இந்தப் புத்தி உண்டு."

"அவர்கிட்டயும் இல்ல. வீடு பூரா தேடிட்டோம். தொண்ணூத்தொன்பது ஏற்கெனவே போச்சு, உங்களுதுதான் கடைசி." இன்ஸ்பெக்டர் சலிப்போடு கிளம்பினார். "இனி உலகத்துலயே ஒண்ணுகூட இல்ல. வரேன் சார்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பார். மனைவிகூடக் கதவுக்குப் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினாள். ஆனால் உலகத்திலேயே ஒன்று வைத்திருக்கிறவரிடம் வந்து, உலகத்தில் ஒன்றுகூட இல்லை என்றால் எப்படிப் பொறுப்பார்?

"யார் சொன்னது இல்லைன்னு?" பெட்டியைத் திறந்து நீட்டினார். "அவருக்குக் குடுத்தது போலி மேடம்! ஒரிஜினல் இதோ! உலகத்துலயே ஒண்ணே ஒண்ணு!"

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து பதக்கத்தைக் கையில் வாங்கினார். பிறகு ஒவ்வொரு வளைவாக எண்ணினார். பதக்கத்தை ஒரு உறையில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

"இது கோர்ட்டுக்குப் போகணும். கூப்பிட்டா நீங்களும் வரணும்."

வெல்வெட் குழி மறுபடியும் காலி. 'பதக்கத்து'க்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"போலி செஞ்சது நான். என்னைப் பிடிச்சு உள்ள போடுங்க மேடம். செதுக்கினவர் கைதவறி ஒரு வளைவைக் கூட்டிட்டாருங்கறதுக்காக இதை ஏன் கொண்டு போறீங்க?"

இன்ஸ்பெக்டர் வாசற்படியில் நின்று திரும்பினார்.

"அவர் எதையும் கூட்டல சார். பாலத்தோட பிளானைப் பார்த்துத்தான் செதுக்கினாரு. நகராட்சி ஆபீஸ்ல எரிஞ்சுபோன அந்தப் பிளான்ல அஞ்சு வளைவுதான் இருந்துச்சு. ஒண்ணை முழுங்கினது காண்ட்ராக்டர்."