சாமி போகும் வழி

"எட்டு மாடி வருது சார். எங்க ஊர்ல மாடி வூடே நாலுதான் இருக்கு" என்று ஆரம்பித்தாள் செல்வகுமாரி.

பாகூர் பக்கம், தென்பெண்ணை ஆற்றங்கரை. சவுக்குத் தோப்பை அழித்துத் தகர வேலி அடித்திருந்தார்கள். உள்ளே போர் போடும் வண்டி இரைந்துகொண்டிருந்தது. விசாரணைக்கு வந்த அதிகாரி கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வரட்டுமேம்மா. ஊர் வளரணும்ல?"

"அத்தினி ஃப்ளாட்டுக்கும் தண்ணி எங்கேர்ந்து சார் வரும்? இப்பவே எங்க போர்ல உப்புக் கரிக்குது. எங்கம்மா குடிதண்ணிக்கு அடுத்த ஊருக்கு சைக்கிள் தள்ளிட்டுப் போவுது. இவங்க ஆழமா போட்டு உறிஞ்சினா கடல் தண்ணிதான் உள்ள ஏறும். சாக்கடையும் நேரா ஆத்துல. அப்புறம் நாங்க ஊரையே காலி பண்ண வேண்டியதுதான்."

"அதெல்லாம் நிபுணருங்க பாத்து ரிப்போர்ட் குடுத்துட்டாங்கம்மா."

"நானும் ஜியாலஜிதான் சார் படிச்சிருக்கேன்."

"அப்படியா, வெரி குட். எங்க வேலை பாக்கறே?"

செல்வகுமாரி பல்லைக் கடித்தாள். பின்னால் ஊரே திரண்டு நின்றது. எல்லோரும் போர் வண்டியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தண்ணீர்ப் பேச்சைத்தான் அவள் வீடு வீடாக ஏறிச் சொல்லியிருந்தாள். 'ஒரு மழை பேஞ்சா சரியாயிடும் பாப்பா' என்றார்கள். 'ஃப்ளாட்டு வந்தா வீட்டு வேலை கெடைக்கும்டி' என்றார்கள். தண்ணீருக்காக ஒருத்தராவது வருவார்களா!

"நீ கொஞ்சம் நவுறு பாப்பா." கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் கோயில் தர்மகர்த்தா சாமிநாதன். "ஐயா, இது எங்க சாமி போற வழி."

அதிகாரி நிமிர்ந்தார். "என்ன?"

"தை மாசம் ஆத்துத் திருவிழாவுக்கு எங்க அம்மன் இந்தத் தோப்பு வழியாதான் எறங்கும். தார் ரோடு போட்டப்புறம்தான் பாலத்துப் பக்கம் மாத்திட்டாங்க."

"மாமா, அப்படியே தண்ணியப் பத்தியும் சொல்லுங்க" என்றாள் செல்வகுமாரி.

"சும்மா இரு. சாமி காரியத்துல வந்து உப்பு, புளின்னுகிட்டு! ஐயா, சின்ன வயசுல இந்தத் தோளாலதான் தூக்கிட்டுப் போயிருக்கேன்."

"நான் கல்யாணமாகி வந்த வருசம்" என்று கூட்டத்திலிருந்து குறுக்கே புகுந்தாள் அமுதம், "தோ, அந்த போர் வண்டி நிக்குது பாருங்க, அங்கதான் சாமிய எறக்கி வச்சி கற்பூரம் காட்டினாங்க. எனக்கு அருள் வந்துச்சி. எங்க வூட்டுக்காரரு பயந்துபோயிட்டாரு."

கட்டட கம்பெனி மேனேஜர் கையைப் பிசைந்தார். "சார், வேணும்னா பின்னாடி ஒரு கேட் வச்சித் தர்றோம்…"

"கேட்டா?" சாமிநாதன் எகிறினார். "அம்மன் இன்னா, உன் வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டுப் போவணுமா?"

கூட்டம் ஓவென்று கத்தியது. யாரோ குலவை போட்டார்கள். அதிகாரி சத்தமில்லாமல் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு மேனேஜரைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"முதல்ல அந்த வண்டிய நிறுத்தச் சொல்லுங்க. மேலேர்ந்து உத்தரவு வர்ற வரைக்கும் இங்க ஒரு செங்கல் வைக்கக் கூடாது."

வண்டி நின்றது. சாமிநாதன் மீசையைத் தடவியபடி செல்வகுமாரியிடம் திரும்பினார்.

"பாத்தியா? காலேஜ் போயி இன்னா பிரயோஜனம்? நம்ம சாமி போற வழி உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரியல மாமா" என்றாள் செல்வகுமாரி.

போன மாதம் பால் சொசைட்டி வரிசையில், உப்புத் தண்ணீர்ப் பேச்சை ஒருவரும் காதில் வாங்காத எரிச்சலில், அம்மன் சவுக்குத் தோப்பு வழியாக ஆற்றுக்குப் போன கதையை முதன்முதலாகக் கட்டிவிட்டவளே அவள்தான்.