இன்னொரு பாட்டு

கதவுப் பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. பாட்டை நிறுத்தாமலே ரொசெந்தா கதவைப் பார்த்தாள். பசிலியோ அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டான்.

ஒன்பதிலிருந்து பத்து வரை பாடுவதாகத்தான் பேச்சு. பத்தரை மணி ஜீப்பைப் பிடித்தால் சாயங்காலத்துக்குள் தக்லோபான் நகரத்துக்குப் போய்விடலாம். அங்கே ஒரு ஹோட்டலில் பாடகி வேலைக்கு இன்று குரல் பார்க்கிறார்கள். இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பசிலியோ ஒரு விரலைக் காட்டினான். இன்னொரு பாட்டு. இதோடு நான்காவது முறை.

அந்த ஊர் வானொலியில் எல்லாமே அவன்தான். செய்தி வாசிப்பதும் அவன், தரை கூட்டுவதும் அவன். இருப்பது ஒரே மைக், ஜன்னல் இல்லாத ஒரே அறை. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தான்; வெளியே இடி விழுந்தாலும் உள்ளே தெரியாது.

பத்து மணிக்கு விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. இரண்டு பாட்டுக்கு நடுவே பசிலியோ தலை சொட்டச் சொட்ட உள்ளே வந்திருந்தான்.

"கரண்ட் போச்சு. ஜெனரேட்டர்ல இசைத்தட்டு மெஷின் ஓடாது. உன் தொண்டைதான் இப்ப கதி."

"நீயே பேசேண்ணே. ஊர்வம்பு பேச உனக்குச் சொல்லியா தரணும்?"

"பேச்சு விட்டுவிட்டு வரும். நல்லா இழுத்துப் பாடு."

"எனக்கு ஜீப்பு இருக்கு."

விறுக்கென்று வெளியே போனவன்தான், அவள் அடுத்த பாட்டைத் தொடங்கியதும் பூட்டிவிட்டான்.

அவளுக்குப் புரியாமல் இல்லை. 'நீ போயிட்டா ஞாயித்துக்கிழமை யாரு பாடுவா?' என்று போன வாரம் முழுக்கப் புலம்பியவன். வழியனுப்ப மனசில்லாமல் இப்படி அடைத்துப் போட்டிருக்கிறான்.

தெல்பின் இந்நேரம் அவள் பையோடு ஜீப் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருப்பான். மலைப்பக்கத்திலிருந்து அவனுக்கு வாழ்க்கைப்பட்டு அவள் இந்தக் கடற்கரைக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. அவன் செய்கிற பாதிக் காரியம் இன்னும் அவளுக்கு விளங்கவில்லை.

காலையில்கூடத் தன் சின்ன ரேடியோவைக் கையில் வைத்து, மீன் வாட்டுவதுபோல இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தான். செய்தி வாசிக்கிற பசிலியோவின் குரல் தேய்ந்து போகிற பக்கம் வந்ததும் தலையாட்டிக்கொண்டான்.

"எல்லாரும் நல்லாக் கேக்கறதுக்குத் திருப்புவாங்க. நீ கேக்காம இருக்கத் திருப்புறியே!" என்று அவள் சிரித்தாள்.

"உன் பாட்டை எங்க இருந்தாலும் கேப்பேன், போ."

கடிகாரம் பத்து இருபத்தைந்து காட்டியது. பசிலியோ மறுபடி விரலைத் தூக்கினான்.

ரொசெந்தா மைக்கை அணைத்தாள். கிடாரை மடியில் போட்டுக்கொண்டு வாயை இறுக மூடிக்கொண்டாள்.

பசிலியோ இரண்டு கையாலும் கண்ணாடியை அடித்தான். பிறகு கதவுக்கு ஓடினான். சாவிக்கொத்து கீழே விழுவதும், எடுப்பதும், மறுபடி விழுவதும் கண்ணாடி வழியே தெரிந்தது. கதவு திறக்க மூன்று நிமிடம் ஆனது.

"பாடு."

"ஜீப்பு போயிரும்."

"பாடு தாயே. கேள்வி கேக்காதே, பாடு."

அவன் மைக்கை அவள் வாய்க்கு நேராக இழுத்தான். அவனைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. மைக்கைப் போட்டாள்.

அதற்குப் பிறகு எத்தனை பாடினாள் என்று கணக்கில்லை. தொண்டைக்கு வைத்திருந்த இஞ்சித் தண்ணீர் தீர்ந்தது. ஜீப் போயிருக்கும். தக்லோபான் வேலையும் போயிற்று. தெரிந்ததெல்லாம் பாடி முடித்து, தாலாட்டுக்கு வந்தபோது கதவு திறந்தது.

உள்ளே வந்தது தெல்பின். உதடு நீலம் பாரித்து, உடம்பெல்லாம் தண்ணீர் வழிய நின்றான். பிளாஸ்டிக் பையில் சுற்றிய ரேடியோ மார்போடு இருந்தது.

"இந்த ஆளு என்னைப் பூட்டி வச்சுட்டான்! என் ஜீப்பு..."

"வெளியே பாரு," என்றான் அவன். "மழை வெள்ளையா இறங்கிருச்சு. படகு மூக்கே தெரியல."

"கடலுக்கா போனே?"

"எங்கண்ணன் கூப்பிட்டாரு. உன் ஜீப்புக்குள்ள வந்துரலாம்னுதான்..." காலையில் செய்ததுபோலவே ரேடியோவை மெல்லத் திருப்பிக் காட்டினான். "இதோட முனை எந்தப் பக்கம் பாக்கும்போது குரல் தேயுதோ அந்தப் பக்கம்தான் ஸ்டேஷன். அங்கதான் கரை. உன் பாட்டைப் பிடிச்சுக்கிட்டே ஆறு படகு வந்து சேந்திருச்சு."

பசிலியோ கதவோரம் தலை குனிந்து நின்றான். "இவன் கடல்ல இருக்கான்னு சொல்லியிருந்தா நீ கரைக்கு ஓடியிருப்பே. அதான் பூட்டினேன்."

ரொசெந்தாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கிடாரைக் கீழே வைத்துவிட்டு தெல்பினின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கண்ணன் எங்கே?"

தெல்பின் ரேடியோவைத் திருப்புவதை நிறுத்தவில்லை.

"எனக்கு முன்னாலதான் வந்துக்கிட்டிருந்தாரு. நடுவுல ஏன் பாட்டு நின்னுச்சு?"