மடக்கு நாற்காலியின் கோடை விடுமுறை

ஒரு கல்லூரியின் ஆசிரியர் அறையில் மர நாற்காலிகள் நிரந்தரமாக இருந்தன. மடக்கு நாற்காலிகளோ விடுமுறை விட்டதும் கிடங்குக்குப் போய்விட வேண்டும். ஜூனில் திரும்பக் கூப்பிடுவார்களா என்பது யாருக்கும் தெரியாது.

இந்த ஆண்டும் கடைசி மணி அடித்ததும் ஒரு மடக்கு நாற்காலி தானாகவே மடங்கிச் சுவரில் சாய்ந்துகொண்டது.

"ஏம்ப்பா, சங்க நோட்டீஸைப் படிக்கலையா? இனி உங்களுக்கும் வருஷம் முழுக்க இங்கேதான் இடம். காலேஜ் நிர்வாகத்துல எழுதியே கொடுத்துட்டாங்க. காலை விரிச்சு நில்லு!" என்றது மர நாற்காலி.

மெல்ல விரிந்தபோதுதான் மடக்கு நாற்காலி பார்த்தது. மர நாற்காலியின் காலில் நீளமாக ஒரு வெடிப்பு.

"என்னண்ணே இது?"

"உங்களுக்கு நிரந்தர இடம் கேட்டு நடந்த போராட்டத்துல பதினொரு நாள் உங்களோட மழையில நின்னேன்ல, அதுல வந்தது."

மடக்கு நாற்காலி அந்தக் காலின் பக்கமாக நகர்ந்து நின்றது.

"அண்ணே, கனத்த வாத்தியார் யார் வந்தாலும் இனி என் மேல உட்காரச் சொல்லுங்க" என்றது.